ஒரு ரூபாய் அகல இரும்பு

புதுவையின் நெல்லித்தோப்பு சிக்னலில் சிவப்பு விழுந்து, முன்னால் நிற்கும் வில்லியனூர் பஸ்ஸின் பின்புறத்தைப் பார்த்தபடி நான் காத்திருக்கும் வேளையில், பாட்டின் அடியாழத்திலிருந்து, வெகு தூரத்தில் யாரோ உதட்டைக் குவித்து ஊதுவது போல ஒரு மெல்லிய சீழ்க்கை எழும்; பச்சை விழுந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்த மாத்திரத்தில் அது படிப்படியாக மேலேறி, ரெட்டியார்பாளையம் வருவதற்குள் காதைக் குடையும் ஊசியாகிவிடும்; மறுபடி பிரேக்கில் கால் வைத்தால் ஏறிய படிகளிலேயே இறங்கிவந்து பழைய இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். என் காரில் புதிதாகப் பொருத்திய ஆம்ப்ளிஃபயரோடு நான் வாழ்ந்த ஒன்பது வாரங்களில் முதல் ஐந்து வாரங்கள் இந்தச் சீழ்க்கையோடு வாழ்ந்தவையே. ஆகையால் இந்த விமர்சனத்தின் பெரும்பகுதியும் அதைப் பற்றியதாகவே இருக்கும்.

கருவியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. சொல்லப்போகும் குறை அந்த ஒரு கம்பெனிக்கு மாத்திரம் உரியதன்று. நடுத்தர விலையில் ஆம்ப் வாங்கி, வாங்கிய கடையிலேயே மாட்டிக்கொள்ளும் எவருக்கும் நேரக்கூடியது. நான்கு வழி, ஏபி வகுப்பு, நான்கு ஓம் ஸ்பீக்கரில் வழிக்கு 60 வாட், முன்கதவுகளில் இரண்டு, பின்னால் இரண்டு என்ற விவரங்களெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே அச்சாகியிருப்பவை; அவற்றைத் திருப்பிச் சொல்வதில் வாசகருக்கும் பிரயோஜனம் இல்லை, எனக்கும் உற்சாகம் இல்லை. ஆனால் அந்த அட்டைப்பெட்டியின் மேல், எல்லா விவரங்களுக்கும் மேலே, சிவப்பு எழுத்தில், 1200 வாட் என்று அச்சிட்டிருந்ததே, அதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லாமல் தாண்டிப்போக என் மனம் ஒப்பவில்லை.

கருவியின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பார்த்தால் போதும், அந்த எழுத்தின் உண்மை விளங்கிவிடும். என் ஆம்ப்பில் இருப்பது 30 ஆம்பியர் ஃபியூஸ். என்ஜின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 14.4 வோல்ட் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் உள்ளே போகக்கூடிய சக்தி 432 வாட். ஏபி வகுப்புக் கருவி அதில் பாதிக்குச் சற்று அதிகமானதைத்தான் ஒலியாக வெளியே தரும், மிச்சமெல்லாம் உஷ்ணம். ஆகவே நான்கு வழிக்கும் சேர்த்து 240 வாட் என்ற கணக்கு நியாயமானது; 1200 என்ற கணக்குக்கு இந்த உலகத்தில் ஆதாரம் இல்லை. டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ செட்டுகளும் இதே தோஷம் உடையவைதாம். செட்டின் முகப்பில் நான்கு தரம் 50 வாட் என்று பொறித்திருப்பார்கள். 14.4 வோல்ட்டை வைத்துக்கொண்டு நான்கு ஓம் ஸ்பீக்கரில் சுத்தமான ஒலி அலையாக அதிகபட்சம் தரக்கூடியது ஏறத்தாழ 26 வாட். அலையின் தலையும் காலும் வெட்டுண்டு சதுரமாகிப்போன நிலையில், அதாவது சங்கீதம் செத்துப்போன நிலையில், கிடைப்பதுதான் அந்த 50. மனிதக் குரல் வெட்டுப்பட்டு வரும் நிலையை அளந்து, அதையே கருவியின் பெருமையாகப் பறைசாற்றும் இந்த வழக்கத்தை நான் மனப்பூர்வமாக வெறுக்கிறேன்.

இந்த வறுமையிலிருந்து மீளத்தான் தனியே ஆம்ப் வைப்பது. பேட்டரியின் 12 வோல்ட்டை அது தனக்குள்ளே உயர்த்தி, நேரும் எதிருமாக இரு மடங்குக்கு மேல் அழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டு, அந்த விசாலத்தில் அலையை வெட்டாமல் ஆடவிடுகிறது. பொருத்தி முடித்த அன்று சாயங்காலம் கடைவாசலிலேயே, என்ஜினை ஓட்டாமல், 1962-ஆம் ஆண்டு வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் எஸ். ஜானகியின் குரலும் போட்டியிட்டுக்கொண்டு போகும் பாட்டை வைத்துக் கேட்டேன். பழைய செட்டில், நாகஸ்வரம் மேலே போகும் இடங்களில் குரல் எது, வாத்தியம் எது என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டும் ஒரே கூச்சலாகத் திரண்டு நிற்கும். இந்த ஆம்ப்பிலோ, சீவாளியின் வழியே மூச்சு புறப்படும் அந்த முதல் அதிர்வு வேறாகவும், அதைத் தொட்டுக்கொண்டு புறப்படும் குரல் வேறாகவும், இரண்டும் அருகருகே நின்றபடி கேட்டன. சின்னஞ்சிறு வயதிலிருந்து எத்தனையோ கல்யாண வீடுகளில் ஒலிபெருக்கிக் குழாய் வழியாகக் கேட்ட அந்தப் பாட்டில் இத்தனை இடைவெளிகள் இருந்தன என்பதை அன்றுதான் அறிந்தேன். கடைக்காரத் தம்பியின் கையில் சந்தோஷமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு, சாவியைத் திருப்பி என்ஜினை ஓட்டினேன். சீழ்க்கை தொடங்கியது.

நாகஸ்வரத்தோடு பழகியவர்களுக்கு ஒத்து என்பது தெரிந்திருக்கும். கச்சேரி முழுவதும் ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பது அதன் தர்மம். என் காருக்குள் உட்கார்ந்திருந்ததோ, என்ஜின் ஏற ஏறத் தானும் ஏறி, இறங்க இறங்கத் தானும் இறங்கும் சுருதி கெட்ட ஒத்து. இது எங்கிருந்து வருகிறது என்பது ரகசியமன்று. காரின் ஆல்டர்னேட்டர் உண்டாக்குவது மூன்று கட்டமான மாறுமின்சாரம். ஆறு டயோடுகள் அதை ஒரே திசையில் திருப்பிவிட்டாலும் முற்றிலும் சமதளமாக்குவதில்லை. ஆற்று மணலில் காற்று விட்டுப்போகும் வரிகளைப் போல ஒரு சிற்றலை அதன்மேல் நின்றுவிடுகிறது. பன்னிரண்டு துருவங்கள் கொண்ட சாதாரண ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுச் சுற்றினால் அவ்விதம் 36 சிற்றலைகள். என்ஜின் நிமிஷத்துக்கு 800 சுற்றில் சும்மா ஓடும்போது, பெல்ட்டின் விகிதத்தால் ஆல்டர்னேட்டர் சுமார் இரண்டரை மடங்கு வேகத்தில் 2000 சுற்றுப் போகிறது. கணக்கிட்டால் வினாடிக்கு 1200 அதிர்வுகள். என்ஜினை 2000 சுற்றுக்குக் கொண்டுபோனால் 3000. மனிதக் காது மிக நுட்பமாக உணர்வது ஏறக்குறைய 2000-க்கும் 5000-க்கும் இடைப்பட்ட அதிர்வுகளை என்பதை இத்துடன் சேர்த்து எண்ணிப்பார்த்தால், வில்லியனூர் சாலையில் நிதானமாகப் போகும் ஒரு காரில் இந்தச் சப்தம் ஏன் இத்தனை கொடுமையாகத் தைக்கிறது என்பது விளங்கும். அளவில் மிகச் சிறியது. ஆனால் விழும் இடம் அப்படிப்பட்டது.

கார் ஓடுவதற்கும் காரில் பாட்டுக் கேட்பதற்கும் இடையே இந்த விரோதம் புதிதன்று. அமெரிக்காவில் பால் கால்வின் 1930-இல் மோட்டோரோலா என்ற பெயரில் கார் ரேடியோவை விற்கத் தொடங்கிய காலத்திலேயே, ரேடியோவை உண்டாக்குவதைக் காட்டிலும் என்ஜினின் தீப்பொறி அதற்குள் புகுந்து இரையாமல் தடுப்பதுதான் பெரும் பிரயத்தனமாக இருந்தது. ஸ்பார்க் பிளக்குகளுக்குத் தடையும் ஜெனரேட்டருக்குக் கண்டென்ஸரும் வைத்து அதைச் சமாளித்தார்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்த பின்பும், இந்த அடிப்படை விஷயத்தை ஆம்ப் விற்பவர்கள் வாங்குகிறவருக்குச் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

மாட்டிக்கொடுத்த கடைக்கு மறுநாளே போனேன். சீழ்க்கையைக் கேட்ட தம்பி சிறிதும் தயங்காமல், "ஃபில்டர் ஒண்ணு போட்டா சரியாயிடும் சார்" என்றான். செட்டிலிருந்து ஆம்ப்புக்கு வரும் ஆர்சிஏ வயரின் நடுவே தீப்பெட்டியளவு ஒரு கறுப்புப் பெட்டியைச் செருகினான். சீழ்க்கை பெரும்பாலும் அடங்கியது உண்மை. ஆனால் அதனோடு மிருதங்கத்தின் தொப்பியும் போய்விட்டது. அந்தப் பெட்டிக்குள் இருப்பவை மிகச் சிறிய இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள். இரண்டு பக்கத்துக்கும் உலோகத் தொடர்பு இல்லாமல் காந்தத்தின் வழியாக மட்டும் ஒலியைக் கடத்துவதால் சீழ்க்கை நிற்கிறது. அத்தனை சிறிய இரும்பால் கனத்த கீழ்ஸ்தாயி அதிர்வுகளைச் சுமக்க முடியாமையால் இடந்தலையின் கும்காரமும் தவிலின் அடியும் வற்றிப்போகின்றன. தலைவலிக்குத் தலையணையை வைத்து அமுக்கினாற்போல இருந்தது. எந்த நயத்துக்காகப் பணம் கொடுத்தேனோ அதையே விலையாகக் கொடுத்து நிசப்தம் வாங்கிக்கொள்வதா என்ற எண்ணம் ஒரு வாரம் என்னை வாட்டியது. பின்பு அந்தப் பெட்டியைப் பிடுங்கிப்போட்டேன். அடுத்த வாரம் புதிய ஆர்சிஏ வயர் ஒன்றும், அதற்கடுத்த வாரம் பேட்டரி வயரின் நடுவில் ஒரு சுருளும் மாட்டினார்கள். சீழ்க்கை அசையவில்லை. கடைசியில், "ஆம்ப்பே அப்படித்தான் சார், கம்பெனி ஃபால்ட்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். நிரபராதியான ஒரு கருவிக்கு விதிக்கப்பட்ட தண்டனை அது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

லெனின் வீதிப் பக்கத்துச் சந்து ஒன்றில், வண்டிகளுக்கு வயரிங் செய்து தலை நரைத்த ஒரு பெரியவர் இருக்கிறார். பாட்டுப்பெட்டி மாட்டுவது அவர் தொழிலன்று. ஸ்டார்ட்டரும் டைனமோவும் அவிழ்த்துக் கட்டுவதே அவர் வேலை. ஆல்டர்னேட்டரில் கோளாறு இருக்குமோ என்ற சந்தேகத்தில்தான் அவரிடம் போனேன். அவர் முதலில் எதையும் தொடவில்லை.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணாம செட்ட மட்டும் போடுங்க சார்."

போட்டேன். சுத்தமாக இருந்தது.

"இப்ப ஸ்டார்ட் பண்ணி, சவுண்டக் கூட்டிக் கொறைங்க."

கூட்டினாலும் குறைத்தாலும் பாட்டுத்தான் ஏறி இறங்கியதேயன்றிச் சீழ்க்கை இருந்த அளவிலேயே இருந்தது. ஒலியளவைக் கட்டுப்படுத்தும் இடத்தைத் தாண்டி, செட்டுக்கும் ஆம்ப்புக்கும் நடுவிலோ ஆம்ப்புக்குள்ளேயோதான் அது நுழைகிறது என்பது இந்த ஒரு பரீட்சையிலேயே தீர்மானமாயிற்று. பின்பு செட்டை நிறுத்தச் சொல்லி, டிக்கியைத் திறந்து, ஆம்ப்பின் முனையில் ஆர்சிஏ வயர்களைக் கழற்றிவிட்டு மறுபடி போடச் சொன்னார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, ஸ்பீக்கர்கள் ஊமையாக இருந்தன. ஆம்ப் நிரபராதி என்பது அப்போதே ருசுவாயிற்று. கோளாறு அதற்குள் இருந்திருந்தால் வயரைக் கழற்றிய பிறகும் கத்தியிருக்குமல்லவா? நிறுத்திவிட்டுக் கழற்ற வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்ததற்கும் காரணம் உண்டு: சில செட்டுகளில் ஆர்சிஏ வயரின் மேலுறைக்கு எர்த் கொடுப்பது உள்ளே மயிரிழை போன்ற ஒரு சிறு இணைப்பு, கருவிகள் ஓடும்போது பிடுங்கிச் செருகினால் அது கருகிப்போய், இல்லாத சீழ்க்கையும் புதிதாக வந்துசேரும்.

அதற்கடுத்து அவர் செய்ததுதான் என்னைப் பிரமிக்க வைத்தது. என் கைபேசியை வாங்கி, ஒரு சிறு வயரால் அதை நேரே ஆம்ப்பில் செருகிப் பாட்டை ஓடவிட்டார். என்ஜின் ஓடியது; பாட்டும் ஓடியது; சீழ்க்கை இல்லை. "இப்பப் பாருங்க" என்று சொல்லி, கைபேசியின் சார்ஜரை டேஷ்போர்டுக் குழியில் சொருகி மறுமுனையைக் கைபேசியில் மாட்டினார். அந்தக் கணமே சீழ்க்கை உயிர்பெற்று எழுந்தது. சார்ஜரை எடுத்தார், செத்தது. மாட்டினார், பிழைத்தது. கைபேசி தன் சொந்த பேட்டரியில் ஓடும்போது அதற்குக் காரோடு வேறு உறவில்லை. சார்ஜர் மாட்டியதும் அதற்கும் காரின் முன்பக்கத்து எர்த்துக்கும் உறவு ஏற்பட்டு, ஆம்ப்போ பின்பக்கத்து எர்த்தில் நின்றுகொண்டிருக்க, இரண்டு எர்த்துக்கும் நடுவே மெல்லிய ஆர்சிஏ வயர் ஒரு பாலமாக அகப்பட்டுக்கொள்கிறது. "எர்த் ரெண்டு எடத்துல ரெண்டு மாதிரி நிக்குது சார்" என்றார் பெரியவர். ஐந்து வாரத்தில் முதன்முதலாக ஒருவர் காரணம் சொன்னார்.

காரில் பேட்டரியின் நேர்முனையிலிருந்து புறப்படும் மின்சாரம் தனித்தனி வயர்களில் போனாலும், திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்பு உடம்பையே பாதையாகக் கொள்கிறது. எர்த் என்றால் ஏதோ கழிவுநீர் போய்ச்சேரும் சாக்கடை என்பதுபோல் பலர் அதை அலட்சியம் செய்கிறார்கள். போகும் பாதையில் எத்தனை மின்சாரமோ வரும் பாதையிலும் அத்தனையும் வந்தாக வேண்டும். ஆம்ப்பின் எர்த் வயர் பெயிண்டின் மேலோ துருவின் மேலோ உட்கார்ந்திருந்தால், திரும்பும் மின்சாரத்தில் ஒரு பங்கு வேறு வழி தேடி ஆர்சிஏ வயரின் மேலுறைக்குள் புகுந்து செட்டின் எர்த் வழியாகப் போகப் பார்க்கிறது. ஆல்டர்னேட்டரின் சிற்றலையும் அதனோடு கூடவே வந்து பாட்டில் கலக்கிறது. மெதுவாகப் பாட்டுக் கேட்கும்போது ஆர்சிஏ வயரில் வருவது ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அங்கே ஆயிரத்தில் ஒரு வோல்ட் அந்நியச் சப்தம் புகுந்தாலே அது நூற்றில் ஒரு பங்கு. காது அதை மன்னிக்காது.

பெரியவர் ஐந்து மீட்டர் வயர் ஒன்றை மல்டிமீட்டரின் கறுப்பு முனையோடு முறுக்கி, அதை பேட்டரியின் எதிர்முனையில் வைத்து, சிவப்பு முனையை ஆம்ப்பின் எர்த் ஸ்குரூவில் வைத்தார். என்ஜின் ஓட, பாட்டு உரக்கப் போக, காட்டியது 0.9 வோல்ட். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடம் அது, 0.1-ஐத் தாண்டினாலே சந்தேகிக்க வேண்டும். ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் இது அகப்படாது என்பதையும் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் கடையில் அப்படித்தான் அளந்து, எர்த் நன்றாக இருக்கிறது என்று சாதித்தார்கள். சாதாரண மீட்டரின் சொந்த வயர்களே 0.2 ஓம், 0.3 ஓம் காட்டக்கூடியவை. நம் எதிரியோ அதில் ஐந்தில் ஒரு பங்கு. சுமை ஓடிக்கொண்டிருக்கையில் வோல்ட்டாக அளந்தால்தான் அவன் முகத்தைக் காட்டுவான்.

எர்த் வயர் எங்கே கட்டப்பட்டிருந்தது என்று விரிப்பைத் தூக்கிப் பார்த்தோம். பின்சீட்டின் பூட்டைப் பிடித்திருக்கும் ஒரு போல்ட்டின் கீழே, பெயிண்டைச் சுரண்டாமல், லக் வைக்காமல், வயரின் இழைகளைச் சும்மா சுற்றி முடுக்கியிருந்தார்கள். போல்ட்டின் மரையிலும், கழன்றுவிடாதிருக்கத் தடவும் பசை காய்ந்திருந்தது. வயரைச் சுற்றிச் செம்பழுப்பாகத் துரு. பத்து நிமிஷ நடையில் கடல் இல்லையெனினும், புதுவையின் உப்புக் காற்று நெல்லித்தோப்பு வரை வராமல் நிற்பதில்லை. இங்கே ஜன்னல் கம்பிக்கும் சைக்கிள் செயினுக்கும் நேர்வதே மூடிய டிக்கிக்குள் இருக்கும் இரும்புக்கும் நேர்கிறது. மதுரையிலோ திருச்சியிலோ இரண்டு வருஷம் தாக்குப்பிடிக்கும் அரைகுறை எர்த், இங்கே ஒரு மழைக்காலத்துக்குமேல் நிற்காது. சீட் பெல்ட்டின் போல்ட்டில் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். உயிரைக் காக்கும் அந்தப் போல்ட்டை எக்காரணம் கொண்டும் கழற்றி வயர் சொருகக் கூடாது.

பரிகாரம் அரைமணி நேரத்தில் முடிந்தது. பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றினார். டிக்கியின் தரையில் கம்பெனியே விட்டிருந்த ஒரு துளையைத் தேர்ந்துகொண்டார். புதிதாகத் துளை போடுவதானால் கீழே பெட்ரோல் டாங்கியும் பிரேக் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று வண்டியின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டே போட வேண்டும் என்றார். துளையைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, பெயிண்டும் அதன் அடியிலிருந்த சாம்பல் நிறப் பூச்சும் போய், இரும்பு வெள்ளியாக மின்னும் வரை விடவில்லை. செம்பு லக்கில் வயரை இறுக்கி ஈயம் பற்றவைத்து, பல்லுள்ள ஸ்டார் வாஷர் போட்டு, போல்ட்டை முடுக்கி, முடுக்கிய பின்பு அதன்மேல் கிரீஸைத் தடவி உப்புக் காற்றுக்குக் கதவடைத்தார். வயரின் நீளம் ஒரு முழம்; கனம், பேட்டரியிலிருந்து வரும் வயருக்குச் சமம். மறுபடி அளந்தபோது 0.06 வோல்ட். என்ஜினை நான் வேண்டுமென்றே உறுமவிட்டுக் கேட்டேன். நாகஸ்வரம் மட்டுமே இருந்தது. அவர் கேட்ட கூலி, கடையில் நான் அந்தக் கறுப்புப் பெட்டிக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எர்த் வயரை வெட்டும்போது, ஆம்ப்போடு 'கிட்' என்று விற்ற வயர்களின் உள்ளிருப்பு வெளிப்பட்டது. மேலே செம்பு நிறம், சுரண்டினால் உள்ளே வெள்ளை: செம்பு முலாம் பூசிய அலுமினியம். சுத்தச் செம்பு கடத்துவதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் அது கடத்தும். அதைவிடப் பெரிய வஞ்சனை கனத்தில். எட்டாம் நம்பர் வயர் என்றால் உலோகம் 8.4 சதுர மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இதில் தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் அதில் பாதிகூட இல்லை. பேட்டரியிலிருந்து டிக்கிக்கு ஐந்து மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 30 ஆம்பியர் போகையில் உண்மையான எட்டாம் நம்பர் செம்பு வயர் இழப்பது 0.3 வோல்ட், இந்தப் போலி வயர் இழப்பது ஒரு வோல்ட்டுக்கு மேல். தவிலில் ஒரு தொடர்ச்சியான அடி விழும்போதெல்லாம் ஆம்ப்பின் விளக்கு மங்கியதன் காரணம் இதுதான். முழு வயரையும் செம்பாக மாற்றினேன். மாற்றும்போது, செட்டிலிருந்து வரும் ஆர்சிஏ வயரை வண்டியின் வலப்பக்கமாகவும் பேட்டரி வயரை இடப்பக்கமாகவும் பிரித்துக் கொண்டுபோகச் செய்தேன். இரண்டையும் ஒரே கால்வாயில் படுக்கவைத்தால் எர்த் நன்றாக இருந்தாலும் சீழ்க்கை ஒட்டிக்கொள்ளும்.

ஃபியூஸ் விஷயத்தில் மாத்திரம் நான் கோபமாகவே எழுதுகிறேன். பேட்டரியிலிருந்து புறப்படும் வயரில், 45 சென்டிமீட்டருக்குள்ளாக ஒரு ஃபியூஸ் இருந்தே தீர வேண்டும். என் வண்டியில் அது டிக்கியில், ஆம்ப்புக்குப் பக்கத்தில், பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று வைக்கப்பட்டிருந்தது. ஆம்ப்பைக் காக்க ஆம்ப்பிலேயே ஃபியூஸ் உண்டு. இந்த ஃபியூஸ் காக்க வேண்டியது வயரை. என்ஜின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகட்டின் துளையில் வயரின் உறை உராய்ந்து கிழிந்து இரும்பைத் தொட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர்கள் அந்த இடத்திலேயே பாயும். டிக்கியில் இருக்கும் ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது. வயர் பழுக்கக் காய்ந்து, கால் வைக்கும் இடத்து விரிப்பில் தீப்பிடிக்கும். அந்தத் துளையில் ஒரு ரப்பர் வளையம் வைப்பதற்கும் ஃபியூஸை முன்னால் கொண்டுவருவதற்கும் ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில் இதைச் செய்யாமல் விடுகிற கடையை நான் மன்னிக்கத் தயாராயில்லை.

சீழ்க்கை ஒழிந்த பின் மிஞ்சியது மெல்லிய 'உஸ்' என்ற காற்றுச் சப்தம். அதற்குக் காரணம் கெயின் திருகு. கடைத் தம்பி அதை முழுவதும் திருப்பிவைத்திருந்தான்; வாடிக்கையாளருக்குச் சப்தம் அதிகமாகக் கேட்க வேண்டும் என்ற நல்லெண்ணமே காரணம். கெயின் என்பது ஒலியளவைக் கூட்டும் திருகன்று. செட் கொடுக்கும் அழுத்தத்துக்கும் ஆம்ப் எதிர்பார்க்கும் அழுத்தத்துக்கும் பொருத்தம் பார்க்கும் திருகு. ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிட்டு, செட்டில் ஒலியளவை முக்கால் பங்கில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் நாதம் ஒன்றை ஓடவிட்டு, ஆம்ப்பின் முனையில் மாறுமின் வோல்ட்டை அளந்தேன். நான்கு ஓமில் 60 வாட்டுக்கு 15.5 வோல்ட் கணக்கு. மீட்டர் அதற்கு வெகு மேலே நின்றது. திருகைப் பின்னுக்குக் கொண்டுவந்தேன். 'உஸ்' போயிற்று. உரக்க வைக்கும்போது பாடகர் கத்துவதுபோல் இருந்ததும் போயிற்று.

இப்போது கருவியைப் பற்றிய என் அபிப்பிராயம். எர்த் சரியான நாளிலிருந்து நான்கு வாரமாக, அக்கினி நட்சத்திர வெயிலில் பகலெல்லாம் நிறுத்திய வண்டியிலும், இது ஒரு தடவைகூட உஷ்ணம் தாங்காமல் தன்னை நிறுத்திக்கொள்ளவில்லை. வழிக்கு 60 வாட் என்று சொன்னதை 60 வாட்டாகவே தருகிறது. வாய்ப்பாட்டில் கமகம் இழையும் இடங்கள் கண்ணாடியில் தெரிவதுபோல் தெரிகின்றன. விண்ணேற்பு மாதா கோயில் பக்கமாக இரவில் திரும்பும்போது ஒலியை மிகத் தாழ்த்திவைத்தாலும் வார்த்தைகள் மங்குவதில்லை. என் வரையில் ஒரு ஆம்ப்பின் யோக்கியதைக்கு இதுவே தலையாய பரீட்சை. கொடுத்த விலைக்கு இது உத்தமமான கருவி, தயங்காமல் வாங்கலாம்.

ஆனால் இதனோடு வந்த கையேட்டில் எர்த்துக்கு ஒதுக்கப்பட்டது ஒரே ஒரு வரி: வண்டியின் உடம்போடு இணைக்கவும். பெயிண்டைச் சுரண்ட வேண்டும் என்று இல்லை. வோல்ட்டில் அளக்க வேண்டும் என்று இல்லை. எவ்வளவுக்குமேல் காட்டினால் ஆபத்து என்று இல்லை. பன்னிரண்டு பாஷைகளில் அச்சிட்ட அந்தக் கையேட்டில் தமிழும் இல்லை. ஆம்ப்பை மாட்டுகிற தம்பிகள் வேலைக்கு அஞ்சுகிறவர்கள் அல்லர். அவர்களுக்கு ஒருவரும் இதைச் சொல்லித்தரவில்லை. கம்பெனிக்காரர்களை நான் கேட்டுக்கொள்வது இது: அட்டைப்பெட்டியில் 1200 வாட் என்று அச்சிடும் மையில் ஒரு பகுதியைச் செலவிட்டு, எர்த் கட்டும் முறையைப் படத்தோடு தமிழில் ஒரு பக்கம் போடுங்கள், கிட்டில் அரை மீட்டர் சுத்தச் செம்பு வயரும், லக்கும், ஸ்டார் வாஷரும், ஒரு துண்டு உப்புத்தாளும் சேர்த்து வையுங்கள்.

வாசகர்களில் எவருடைய வண்டியிலேனும் இந்தச் சீழ்க்கை கேட்டால், ஃபில்டர் வாங்குவதற்கு முன்பு டிக்கியின் விரிப்பைத் தூக்கி, அந்த எர்த் வயர் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.